மின்வயரைப் பிடுங்கினாலும் பாஸ்புக் நிற்காமல் இருக்க: கல்லடியில் மூன்று மெஷின் கிளஸ்டர்

மட்டக்களப்புக் கல்லடியில் உள்ள ஒரு சிக்கனக் கடனுதவு கூட்டுறவுச் சங்கத்தின் கணக்குகள் இப்போது ஒன்றாகச் சேர்ந்து வேலை செய்யும் மூன்று மெஷின்களில், அதாவது ஒரு கிளஸ்டரில், இருக்கின்றன. எந்த ஒன்றின் மின்வயரைப் பிடுங்கினாலும் கவுண்டர் அரை நிமிடம் அளவில் தடுமாறும், பிறகு வேலை தொடரும். பற்றுச்சீட்டு கொடுத்த பணம் ஒரு ரூபாய்கூடக் காணாமல் போகாது. பல மாதம் இழுத்த வேலை இது. மென்பொருள் பகுதி எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் முடிந்தது. மின்சாரம், சுவிட்ச், வயர், துரு என்று மற்றவைதான் நாளைத் தின்றன. அதனால் அவற்றைப் பற்றித்தான் இங்கே கூடுதலாக எழுதுகிறேன்.

முன்பு அங்கே இருந்தது ஒரு டவர் சேர்வர். இரண்டு டிஸ்க், ஒன்றில் எழுதுவது மற்றதிலும் விழும்படி மிரர் போட்டது. டிஸ்க் ஒன்று பழுதானால் மற்றது இருக்கிறது என்ற தைரியத்தில் எல்லோரும் இருந்தோம். ஒக்டோபர் மாத இடிமழையில் ஒரு பின்னேரம் பவர் சப்ளையும் மதர்போர்டும் சேர்ந்து போயின. டிஸ்க் இரண்டும் நல்ல சுகம். தரவு பத்திரமாக இருந்தது, அதைப் போட்டு ஓட்ட மெஷின்தான் இல்லை. கொழும்பிலிருந்து பாகம் வந்து சேரும்வரை கவுண்டரில் கையால் எழுதினார்கள்.

அப்போது காசாளர் அக்கா சொன்னார்: "நான் புத்தகத்துல எழுதிக் குடுத்துட்டன் தம்பி. மறுகா கம்பியூட்டர்ல ஏத்தக்குள்ள ஒண்டு விடுபட்டா ஆர் பொறுப்பு?"

இந்த வேலைக்கு அதைவிடத் தெளிவான தேவைக் குறிப்பு எனக்குக் கிடைக்கவில்லை. மெஷின் சாகலாம், கவுண்டர் கொஞ்ச நேரம் நிற்கலாம். ஆனால் "பதிந்தாயிற்று" என்று திரையில் காட்டிய ஒரு வரவு பிறகு இல்லாமல் போகக் கூடாது. இதைத் தாளில் எழுதி மேசைக்கு மேலே ஒட்டிவிட்டுத்தான் தொடங்கினேன்.

முதல் கட்டத்தில் இரண்டு மெஷின் எடுத்தோம். இரண்டிலும், ஒரு மெஷினுக்குள் மென்பொருளாலான மெய்நிகர் மெஷின்களை ஓட்டும் புரொக்ஸ்மொக்ஸ் போட்டு, கணக்கு மென்பொருள் ஓடும் மெய்நிகர் மெஷினை இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை வழியாக ஒன்றிலிருந்து மற்றதுக்கு நகலெடுக்க வைத்தோம். அமைப்பது இலகு, பக்கத்தில் ஒரு படத்தைப் பார்த்துக்கொண்டே செய்துவிடலாம். வழமையாக 15 நிமிடத்துக்கு ஒரு தடவை நகல் போகும், குறைத்தால் 1 நிமிடம் வரை கொண்டுவரலாம். 1 நிமிடத்தில் வைத்து, கவுண்டரில் பொய்ப் பதிவுகள் போட்டுக்கொண்டே முதல் மெஷினின் வயரைப் பிடுங்கினேன். கடைசி நகலுக்குப் பிறகு போட்ட பதிவுகள் இரண்டாவதில் இல்லை. இருக்கவும் முடியாது, அந்த முறை வேலை செய்கிற விதமே அதுதான். இணையத்தளத்துக்கோ ஆவணச் சேமிப்புக்கோ அது தாராளமாகப் போதும். காசு வாங்கும் கவுண்டருக்குப் போதாது.

இன்னொன்றும் அப்போதே தெரிந்தது. முதல் மெஷின் போனதும் இரண்டாவது தானாக எழும்பவில்லை. இரண்டு பேர் கொண்ட கிளஸ்டரில் ஒருவர் போனால் மிஞ்சுவது இரண்டில் ஒரு வாக்கு. அது பெரும்பான்மை இல்லை. மற்றது செத்துவிட்டதா, இல்லை நடுவில் வயர் மட்டும் கழன்றதா என்று மிஞ்சியதால் சொல்ல முடியாது. இரண்டும் தனித்தனியாக "நான்தான் தலைவன்" என்று எழுதத் தொடங்கினால் ஒரே கணக்குக்கு இரண்டு மீதி வந்துவிடும். அதற்குப் பயந்துதான் அது சும்மா நிற்கிறது, அது சரியான நடத்தையும்கூட. மூன்றாவது மெஷின் எதற்கு என்று முகாமையாளர் ஐயா கேட்டபோது, சங்கத்தின் பொதுக்கூட்டத்துக்கு நிறைவெண் பார்ப்பது போலத்தான் ஐயா, ஆள் போதாமல் எடுத்த தீர்மானம் செல்லாதே என்றேன். மறுகேள்வி இல்லாமல் காசோலையில் கையெழுத்துப் போட்டார்.

மூன்று மெஷின் என்றதும் பலரும் முதலில் சொல்வது செஃப் என்ற சேமிப்பு மென்பொருள். மூன்றிலும் உள்ள டிஸ்க்குகளைச் சேர்த்து ஒரே சேமிப்பாகக் காட்டும், ஒவ்வொன்றையும் மூன்று பிரதியாக வைக்கும், குறைந்தது இரண்டு பிரதி உயிரோடு இருக்கும்வரை எழுத விடும். நல்ல சாமான். பரிசோதித்துப் பார்த்தேன். கையில் இருந்தவை கடையில் சாதாரணமாக விற்கும் எஸ்எஸ்டிகள், அதாவது சுழலும் பாகம் இல்லாத டிஸ்க்குகள். 4 கிலோபைட் துண்டுகளாக, ஒன்று டிஸ்க்கில் உண்மையாகவே பதிந்த பிறகுதான் அடுத்தது என்ற முறையில் எழுதிப் பார்த்ததில் விநாடிக்கு 400 கூட வரவில்லை. பெட்டியில் போட்டிருந்த பெரிய எண்ணெல்லாம் இந்த வகை எழுத்துக்குப் பொருந்தாது. பிறகு, தரவு மையங்களில் இருந்து கழித்த பழைய எஸ்எஸ்டி ஒன்றை வாங்கி அதே சோதனையைப் போட்டேன். 15,000ஐத் தாண்டியது. இரண்டாவது வகையில் மின்சாரம் திடீரென்று போனாலும் கையில் இருப்பதை எழுதி முடிக்கும் அளவுக்கு மின்தேக்கிகள் உள்ளேயே இருக்கின்றன. அதனால் "பதிந்தாயிற்று" என்று அது உடனேயே சொல்லலாம். சாதாரண டிஸ்க்கால் அப்படிச் சொல்ல முடியாது.

இந்த ஒரு அளவீடு முழுத் திட்டத்தையும் மாற்றியது. கழித்த எஸ்எஸ்டி மூன்று வாங்கினேன். அப்படி வாங்குகிறவர்கள் காசு கொடுக்க முதல் டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் பட்டியலைத் திறந்து தேய்மான எண்ணையும், ஓடிய மணித்தியாலங்களையும் பார்த்துவிடுங்கள். வெளியில் புதிதுபோல மின்னும் டிஸ்க் உள்ளே பாதி ஆயுளை முடித்திருக்கும்.

அந்த நல்ல டிஸ்க்குகளை வைத்தும் செஃப் போடவில்லை. ஒவ்வொரு டிஸ்க்குக்கும் அது வழமையாக 4 ஜிபி நினைவகம் எதிர்பார்க்கும், எங்கள் மெஷின்களில் மொத்தமே 16 ஜிபி. வலையமைப்பு 10 ஜிகாபிட் இருந்தால்தான் நிம்மதி, எங்களிடம் இருப்பது 1 ஜிகாபிட். இவையெல்லாம் சமாளிக்கக்கூடியவை என்றே வைத்துக்கொள்வோம். நான் ஊரில் இல்லாத நாளில் அது சிக்கினால் சங்கத்தில் வேலை செய்யும் தம்பி தனியாக அதைத் திருத்த வேண்டும். அவர் கெட்டிக்காரர், ஆனால் செஃப் கற்றுக்கொள்ள ஒரு கவுண்டரைப் பணயம் வைக்க முடியாது. எங்களுக்குக் காப்பாற்ற வேண்டியது ஒரே ஒரு தரவுத்தளம், அதுவும் 6 ஜிபிதான். சேமிப்பை முழுவதும் கிளஸ்டர் ஆக்குவதைவிடத் தரவுத்தளத்தை மட்டும் கிளஸ்டர் ஆக்குவது மேல் என்று முடிவு செய்தேன்.

கணக்கு மென்பொருள் போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்தில் ஓடுகிறது. ஆகவே மூன்று மெஷினிலும் டெபியன் லினக்ஸ், அதன்மேல் போஸ்ட்கிரெஸ். யார் தலைவன் என்பதைத் தீர்மானிக்கப் பத்ரோனி, அந்தத் தீர்மானத்தை எழுதி வைக்க எட்சிடி. ஒன்று தலைவன், அதில்தான் எழுத்து. அடுத்தது ஒத்திசைவுப் பிரதி. தலைவனில் ஒரு பதிவு முடிந்தது என்று சொல்ல, அந்தப் பிரதியின் டிஸ்க்கிலும் அது இறங்கியிருக்க வேண்டும். மூன்றாவது கொஞ்சம் பின்னால் வரலாம். தலைவன் செத்தால் ஒத்திசைவுப் பிரதிக்கு மட்டும்தான் பதவி உயர்வு, மூன்றாவது அதன் இடத்துக்கு ஏறும். அக்கா கேட்டதற்கு நேரடியான பதில் இந்த அமைப்பில் இருக்கிறது.

பத்ரோனியின் கால அளவுகளைத் தொடவில்லை. தலைமைக் குத்தகை, அதாவது தலைவன் புதுப்பிக்காவிட்டால் பதவி காலாவதியாகும் நேரம், 30 விநாடி. நிலையைச் சரிபார்க்கும் சுற்று 10 விநாடி, மறுமுயற்சி 10 விநாடி. குறைத்தால் மாற்றம் வேகமாக நடக்கும், ஆனால் சுவிட்ச் ஒன்று ஐந்தாறு விநாடி தாமதித்தாலும் காரணமில்லாமல் தலைவன் மாறும். அரை நிமிடம் வரிசையில் நிற்க மட்டக்களப்புச் சனத்துக்குப் பொறுமை உண்டு. காவல் டைமரையும் இயக்கினேன். தலைவன் உறைந்துபோய்க் குத்தகையைப் புதுப்பிக்க முடியாத நிலை வந்தால், அடுத்தவன் பதவி ஏற்க முதல் அந்த மெஷின் தன்னைத்தானே மறுதொடக்கம் செய்துகொள்ளும். இதை விட்டுவிட வேண்டாம். முழுதாகச் செத்த மெஷினால் ஆபத்து இல்லை. அரை உயிரோடு இருப்பதால்தான் ஆபத்து.

மூன்றாவது மெஷினாகச் சங்கத்து அலுமாரியில் கிடந்த பழைய லப்டொப்பை எடுத்தேன். காசு மிச்சம் என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியம், அதற்குள் அதற்கென்றே பற்றரி இருக்கிறது. ஆனால் எட்சிடி அதில் அமைதியாக இருக்கவில்லை. உள்ளே சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க். எட்சிடிக்கு ஒவ்வொரு எழுத்தும் 10 மில்லிவிநாடிக்குள் டிஸ்க்கில் பதிய வேண்டும், இது சிலவேளை அரை விநாடி எடுத்தது. பதிவேடு முழுக்க "டிஸ்க் மெதுவாக இருக்கிறது" என்ற எச்சரிக்கை, நடுநடுவே காரணமில்லாத தலைவர் தேர்தல். கழித்த எஸ்எஸ்டிகளில் மூன்றாவதை அதில் போட்டதும் எல்லாம் அடங்கியது. மூடியை மூடினால் தூங்கிவிடும் அமைப்பையும் அணைத்து வையுங்கள், மேசை துடைக்கிறவர் மூடியை மூடுவது இயல்பு. பற்றரி உப்பியிருக்கிறதா என்று அடிப்பக்கத்தை மாதம் ஒருமுறை தட்டையான மேசையில் வைத்துப் பார்க்கிறோம். இங்குள்ள வெக்கைக்கு இந்தப் பார்வை கட்டாயம்.

மென்பொருள் முடிந்தது என்று நினைத்து வயரைப் பிடுங்கிய முதல் பெரிய சோதனையில், தரவுத்தளம் 30 விநாடி கடந்து சில விநாடிகளில் புதிய தலைவனோடு எழும்பிவிட்டது. கவுண்டர் மட்டும் உறைந்து நின்றது. ஐந்து நிமிடம், பத்து நிமிடம், அசைவில்லை. கிட்டத்தட்ட கால் மணித்தியாலம் கழித்துத் தானாகவே வந்தது. காரணம் தேடி நேரம் போனது. மின்சாரம் இல்லாமல் செத்த மெஷின் "நான் போகிறேன்" என்று யாருக்கும் சொல்வதில்லை. மென்பொருள் தன் பழைய இணைப்பைப் பிடித்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருக்கிறது. லினக்ஸ் தன் வழமைப்படி திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்த்துக் கைவிடச் சுமார் 15 நிமிடம் எடுக்கும். மென்பொருளுக்கும் தரவுத்தளத்துக்கும் இடையில் நின்று இணைப்பைத் தலைவனிடம் திருப்பிவிடும் எச்ஏபிராக்சியில், ஒரு தரவுத்தளம் செத்ததாகக் குறித்த உடனேயே அதற்குப் போன பழைய இணைப்புகளையும் வெட்டிவிடும்படி ஒரு சொல் சேர்க்க வேண்டியிருந்தது. அந்த ஒரு சொல்தான் 15 நிமிடத்துக்கும் 40 விநாடிக்கும் உள்ள வித்தியாசம். மெஷினை ஒழுங்காக அணைத்துச் சோதித்தால் இந்தக் கோளாறு வெளியே வராது, அணையும் மெஷின் இணைப்புகளை மூடிவிட்டுத்தான் போகும். அதனால்தான் வயரைப் பிடுங்கிச் சோதியுங்கள் என்று வற்புறுத்துகிறேன்.

இனி வலையமைப்பு. மூன்று மெஷினும் ஒரே சுவிட்ச்சில் இருந்தால் அந்தச் சுவிட்ச்தான் உண்மையான சேர்வர், அது போனால் எல்லாம் போயிற்று. சாதாரண 8 துளைச் சுவிட்ச் இரண்டு வாங்கினேன். ஒவ்வொரு மெஷினின் சொந்தத் துளை முதல் சுவிட்ச்சுக்கு, யூஎஸ்பியில் சொருகும் வலை அடப்டர் இரண்டாவது சுவிட்ச்சுக்கு. இரண்டையும் ஒன்றாகக் கட்டி, ஒன்று வேலை செய்யும்போது மற்றது காத்திருக்கும் முறையில் வைத்தேன். இதற்கு விலை கூடிய சுவிட்ச் தேவையில்லை. சுவிட்ச்கள் இரண்டுக்கும் நடுவே ஒரு வயர் ஓட வேண்டும், ஒரு மெஷின் மட்டும் இரண்டாவதுக்கு மாறினாலும் மற்றவற்றோடு பேச அது வேண்டும்.

வயரில் உயிர் இருக்கிறதா என்பதை மட்டும் பார்த்தால் போதாது. மலிவுச் சுவிட்ச் சிலவேளை விளக்கெல்லாம் எரிய, உள்ளே எதையும் கடத்தாமல் நிற்கும். ஆகவே இன்னொரு முகவரியைக் கூப்பிட்டுப் பதில் வருகிறதா என்று பார்க்கும் முறைக்கு மாற்றினேன். கூப்பிடும் முகவரியாக ரவுட்டரை மட்டும் கொடுத்தபோது வேறொரு வில்லங்கம் வந்தது. இணைய நிறுவனத்தின் ஆள் வந்து ரவுட்டரைக் கழற்றிப் புதியதை மாட்டிய அந்தப் பத்து நிமிடமும், பதில் வராததால் மூன்று மெஷினும் தங்கள் இரண்டு வழியும் செத்துவிட்டதாக முடிவு செய்துகொண்டன. மெஷின் மூன்றும் சுகம், சுவிட்ச் இரண்டும் சுகம், ஆனால் ஒன்றோடொன்று பேசவில்லை, பெரும்பான்மை இல்லை, கவுண்டர் நின்றது. இப்போது ஒவ்வொரு மெஷினும் மற்ற இரண்டையும் ரவுட்டரையும் கூப்பிடுகிறது. மூன்றில் எது பதில் சொன்னாலும் வழி உயிரோடு இருப்பதாக அர்த்தம்.

அன்றிலிருந்து நான் பார்க்கும் முறை மாறியது. எத்தனை மெஷின் இருக்கிறது என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். மூன்றுக்கும் பொதுவாக என்ன இருக்கிறது என்று தேடத் தொடங்கினேன். ஒரு தாளில் மூன்று பெட்டி வரைந்து, அவை தொடும் ஒவ்வொன்றையும் கோடு போட்டேன். மூன்று கோடும் ஒரே இடத்தில் போய்ச் சேர்ந்தால் அங்கே சிவப்பு வட்டம்.

முதல் சிவப்பு வட்டம் சுவரில் இருந்தது. யூபிஎஸ் இரண்டு வாங்கியிருந்தோம், ஆனால் இரண்டும் ஒரே மல்டி பிளக்கில், அது ஒரே சுவர்ச் சொக்கெட்டில். பிளக்கை வெளியே இழுத்துப் பார்த்தால் ஒரு பின் கறுத்து, பக்கத்துப் பிளாஸ்ரிக் உருகி வளைந்திருந்தது. மின்வேலைக்காரரைக் கூப்பிட்டு, வேறு பிரேக்கரில் இருந்து தனி வயர் இழுத்து இரண்டாவது சொக்கெட் போட்டோம். இப்போது முதல் மெஷினும் முதல் சுவிட்ச்சும் முதல் யூபிஎஸ்ஸில். இரண்டாவது மெஷினும் இரண்டாவது சுவிட்ச்சும் இரண்டாவது யூபிஎஸ்ஸில். லப்டொப் நேரே மூன்றாவது இடத்தில், தன் பற்றரியோடு. ஒரு யூபிஎஸ் முழுதாகச் செத்தாலும் ஒரு மெஷினும் ஒரு சுவிட்ச்சும்தான் போகும். மிச்சம் இரண்டு வாக்கு, ஒரு சுவிட்ச். அது போதும்.

யூபிஎஸ் உள்ளே 12 வோல்ட் 7 ஆம்பியர் மணி பற்றரி. மெஷினும் சுவிட்ச்சும் சேர்ந்து 45 வாட் அளவில் இழுக்கின்றன, பிளக்கில் மாட்டும் வாட் மீட்டரில் பார்த்தது. புதுப் பற்றரியில் 40 நிமிடம் நின்றது. 2022இல் நாளுக்குப் பல மணித்தியாலம் மின்சாரம் நின்ற காலத்தை யாரும் மறக்கவில்லை. ஆகவே நீண்ட வெட்டு வந்தால் தாக்குப்பிடிப்பதை விட ஒழுங்காக அணைவதும், ஒழுங்காக எழும்புவதும் முக்கியம் என்று எடுத்துக்கொண்டேன். யூபிஎஸ்ஸின் யூஎஸ்பி வயரை மெஷினில் மாட்டி, பற்றரி இறங்கியதும் அணைந்துவிடும்படி நட் என்ற மென்பொருளில் சொல்லியாயிற்று.

அணைவது இலகு, எழும்புவதில்தான் சிக்கல். மின்சாரம் வந்தால் தானாக எழும்பு என்று மெஷினின் அடிப்படை அமைப்பான பயோசில் போடலாம். ஆனால் மெஷின் அணைந்த பிறகும் யூபிஎஸ்ஸில் மிச்சம் இருந்து, அது தீர முதல் மின்சாரம் வந்துவிட்டால், மெஷினைப் பொறுத்தவரை மின்சாரம் போகவே இல்லை. அது எழும்பாது, காலையில் ஆள் வந்து பொத்தானை அழுத்தும்வரை அப்படியே இருக்கும். கொஞ்சம் நல்ல யூபிஎஸ் என்றால் மெஷின் அணைந்ததும் தன் வெளியீட்டையே வெட்டும், எங்களுடையது வெட்டாது. இதற்கு லப்டொப் கைகொடுத்தது. வணிக ரக லப்டொப்கள் பலவற்றில் மின்வயரில் உயிர் வந்ததும் எழும்பும் வசதி பயோசில் உண்டு, இதிலும் இருந்தது. லப்டொப் எழும்பி, மற்ற இரண்டும் பதில் சொல்லாவிட்டால் நிமிடத்துக்கு ஒருமுறை வலை வழியாக எழுப்பும் செய்தியை அனுப்புகிறது. மெஷினின் சொந்த வலைத்துளைக்குத்தான் அந்தச் செய்தி வேலை செய்யும், யூஎஸ்பி அடப்டருக்குச் செய்யாது.

பழைய மெஷின் வாங்குகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: மதர்போர்டில் உள்ள நாணயம் போன்ற சிறிய பற்றரியை முதல் நாளே மாற்றுங்கள். அது செத்திருந்தால் ஒவ்வொரு முறையும் பயோஸ் அமைப்பு அழிந்து, மேலே சொன்ன அத்தனையும் வீண்.

துரு இரண்டாவது சிவப்பு வட்டம். கட்டடத்திலிருந்து கடல் கண்ணுக்குத் தெரியும். காற்றில் உப்பு. முதல் மெஷினின் ஸ்மார்ட் பட்டியலில் 199ஆம் எண், அதாவது வயரில் வரும் பிழை எண்ணிக்கை, மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது. 5ஆம் எண்ணும் 197உம் பூச்சியத்திலேயே நின்றன. இந்த வேறுபாடு தெரிந்திருந்தால் ஒரு நல்ல டிஸ்க்கைக் குப்பையில் போட மாட்டீர்கள். 5உம் 197உம் ஏறினால் டிஸ்க்கின் உள்ளே கோளாறு. 199 மட்டும் ஏறினால் பெரும்பாலும் வயரோ பொருத்தியோதான். கழற்றிக் கைவிளக்கில் சாய்த்துப் பார்த்தபோது டிஸ்க் வயர் மாட்டும் சாட்டா பொருத்தியின் பொன்னிறக் கீற்றுகளில் இரண்டின் ஓரத்தில் மெல்லிய பச்சை படிந்திருந்தது. ஐசோபுரோப்பைல் மதுசாரம் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடைத்து, காயவிட்டு, வயரைப் புதிதாக மாற்றினேன். அழிறப்பரால் தேய்க்கப் போகாதீர்கள், முலாம் மெல்லியது. எண் அன்றோடு நின்றுவிட்டது. கடலைப் பார்த்த ஜன்னலுக்குப் பக்கத்தில் இருந்து மூன்றையும் உள்பக்கச் சுவருக்கு நகர்த்தினோம். மூன்றும் ஒரே காற்றைச் சுவாசிப்பதால் ஒன்றில் தெரிந்த பச்சை மற்றதிலும் வரும். ஆகவே மாதத்துக்கு ஒருமுறை மூன்றின் 199ஆம் எண்ணையும் கொப்பியில் எழுதுகிறோம்.

இவ்வளவுக்கும் பிறகு செய்த சோதனை இது. விநாடிக்குப் பத்து வீதம் வரிசை எண்களைத் தரவுத்தளத்தில் போட்டு, "பதிந்தாயிற்று" என்று பதில் வந்த எண்களை மட்டும் வேறொரு லப்டொப்பில் எழுதிவைக்கும் சிறு நிரல். ஓட விட்டு, தம்பி தலைவனின் வயரைப் பிடுங்கினார். எண்கள் நின்றன. 37 விநாடி கழித்துத் தொடர்ந்தன. புதிய தலைவனில் இருந்ததையும் லப்டொப்பில் எழுதியதையும் ஒப்பிட்டால், பதில் வந்த எண் ஒன்றுகூடக் குறையவில்லை. ஒன்று கூடுதலாக இருந்தது.

அந்தக் கூடுதல் எண்ணில்தான் நான் நெடுநேரம் நின்றேன். பதிவு இரண்டு டிஸ்க்கிலும் இறங்கிவிட்டது, ஆனால் "பதிந்தாயிற்று" என்ற பதில் கவுண்டருக்குப் போய்ச் சேர முதல் மெஷின் செத்துவிட்டது. கவுண்டரில் இருப்பவருக்குப் பிழைச் செய்திதான் தெரியும். அவர் என்ன செய்வார்? அக்காவிடமே கேட்டேன்.

"என்ன செய்யிற தம்பி, திருப்பி அடிப்பன்தானே."

திருப்பி அடித்தால் ஒரே பணம் இரண்டு தடவை வரவாகும். இழப்பை அடைத்தாயிற்று, இரட்டிப்பு திறந்து கிடந்தது. எந்தக் கிளஸ்டரும் இதைத் தீர்க்காது, மென்பொருள்தான் தீர்க்க வேண்டும். பற்றுச்சீட்டுப் புத்தகத்தில் அச்சிட்ட இலக்கத்தையே பதிவோடு சேர்த்து, அந்த இலக்கம் இரண்டாம் முறை வந்தால் தரவுத்தளமே மறுக்கும்படி செய்தோம். இப்போது அக்கா திருப்பி அடித்தால் "இந்தப் பற்றுச்சீட்டு ஏற்கெனவே உள்ளது" என்று காட்டி, பழைய பதிவைத் திரையில் கொண்டுவரும். இந்த முழு வேலையிலும் எனக்கு மனநிறைவு தந்த திருத்தம் அதுதான்.

செத்த தலைவன் திரும்பி வந்தபோது முதலில் சேர மறுத்தது. அதனிடம் யாருக்கும் அனுப்பாத சில கடைசி எழுத்துகள் இருந்தன, வரலாறு இரண்டாகப் பிரிந்திருந்தது. முழுத் தரவையும் புதிதாக நகலெடுத்துச் சேர்த்தோம், 6 ஜிபிக்குச் சில நிமிடம்தான். பிறகு சரிபார்ப்புத் தொகைகளை இயக்கிப் பிரிந்த இடத்துக்குப் பின்னோக்கிச் சுற்றும் வசதியையும் பத்ரோனியில் போட்டதும் அது தானாகவே ஒத்துக்கொண்டு சேருகிறது.

மூன்றாவது சிவப்பு வட்டம் அந்த அறையேதான். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்த நிலம் இது. கல்லடியிலும் நாவலடியிலும் அன்று போனவர்களை நினைக்காமல் இங்கே எதையும் கட்ட முடியாது. மூன்று மெஷினும் ஒரே கூரையின்கீழ் இருக்கும்வரை வெள்ளத்துக்கோ நெருப்புக்கோ அவை ஒரு மெஷின்தான். போதாததுக்கு, பிரதி எடுப்பது தவறையும் பிரதி எடுக்கும். மாத வட்டியை யாராவது இரண்டு தடவை ஏற்றினால், கண் இமைக்க முதல் மூன்றிலும் அந்தத் தவறு இருக்கும். ஆகவே கடலை விட்டு உள்ளே, செங்கலடிக் கிளையில் ஒரு சிறிய மெஷின் வைத்து, இரவில் முழுக் காப்பும் பகலில் மாற்றப் பதிவுகளும் மறையாக்கிய வழியில் போகின்றன. "நேற்றுப் பகல் 2 மணிக்கு இருந்த நிலை" என்று கேட்டால் அங்கிருந்து எடுக்கலாம். மாதம் ஒரு தடவை அங்கே மீட்டெடுத்து, மொத்தச் சேமிப்பு மீதி முகாமையாளரின் மாத அறிக்கையோடு ஒத்துப்போகிறதா என்று தம்பி பார்த்துக் கையெழுத்து வைக்கிறார்.

செலவு: பழைய மேசைக் கணினி இரண்டு 1,04,000 ரூபாய், கழித்த எஸ்எஸ்டி மூன்று 72,000, யூபிஎஸ் இரண்டு 42,000, சுவிட்ச் இரண்டு 11,000, யூஎஸ்பி வலை அடப்டர் மூன்று 9,600, வயர், சிறு பற்றரி, மதுசாரம் போன்றவை 7,000. மொத்தம் 2,45,600 ரூபாய். லப்டொப் சங்கத்துடையது, செங்கலடி மெஷினும் அங்கே இருந்ததுதான். மின்வேலைக்காரரின் கூலி சங்கத்தின் கட்டடச் செலவில் போனது. ஒரு புதிய ரேக் சேர்வருக்குக் கேட்ட விலை இதைவிட எவ்வளவோ மேலே, அதை வாங்கியிருந்தாலும் அது தனி ஒன்றுதான்.

மறுபடி செய்வதென்றால் யூபிஎஸ்ஸை முதலில் தெரிவு செய்வேன். வெளியீட்டை வெட்டத் தெரிந்தது, மின்சாரம் வந்ததும் தானே எழும்பக்கூடியது என்று இரண்டையும் கடையிலேயே சோதித்துவிட்டுத்தான் காசு கொடுப்பேன். யூஎஸ்பி அடப்டருக்குப் பதிலாக உள்ளே பொருத்தும் வலை அட்டை. வெக்கையில் ஒரு அடப்டர் இரண்டு தடவை காணாமல் போய் வந்தது, மற்ற வழி இருந்ததால் கவுண்டருக்குத் தெரியவில்லை. லப்டொப்பைப் பக்கத்து அறைக்கு மாற்ற வயர் இழுத்தாயிற்று. ஈய அமிலப் பற்றரிகள் இந்தச் சூட்டில் இரண்டு வருடம் தாண்டினால் நம்ப முடியாது. 40 நிமிடம் நின்றது கடைசியாகப் பார்த்தபோது 31க்கு இறங்கியிருந்தது. அடுத்த மாரி தொடங்க முதல் இரண்டையும் மாற்ற வேண்டும் என்று முகாமையாளர் ஐயாவிடம் விலைப்பட்டியல் கொடுத்திருக்கிறேன்.